விரிப்பின் இரண்டு முனை

வழக்கு நடந்த காலமெல்லாம் அண்ணனும் தங்கையும் கோர்ட்டுக்கு ஒரே வேனில்தான் போனார்கள். சலவை நிலையத்துக்கு இருந்தது ஒரே வேன். அவள் ஓட்டுவாள். அவன், பக்கத்தில் உட்கார்ந்தால் தன் கட்சி தோற்றுவிடும் என்பதுபோல், பின்னால் அழுக்கு மூட்டைகளோடு உட்கார்ந்து வருவான்.

அப்பா நிலையத்தின் பங்குகளை ஆளுக்குப் பாதியாக எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அண்ணன் தன் பாதியை ஒரு ஹோட்டல்காரருக்கு விற்கப் பார்த்தான். அவர் வந்தால் மெஷின்களைக் கழற்றிவிட்டு அங்கே கார் நிறுத்துவார் என்று எல்லாருக்கும் தெரியும். தங்கை தடை வாங்கினாள். அதோடு பேச்சு நின்றது. மடிப்பு மட்டும் நிற்கவில்லை. பெரிய விரிப்புகளை வீட்டு ஆட்களே மடிக்க வேண்டும் என்பது அப்பா வைத்த பழக்கம். தினமும் எதிரும் புதிருமாக நின்று, முறைத்துக்கொண்டே மடித்தார்கள்.

விற்க மாட்டேன் என்று அண்ணனிடம் இன்றைக்குக் கையெழுத்து வாங்காமல் திரும்புவதில்லை என்றுதான் தங்கை சமரசப் பேச்சுக்கு வந்திருந்தாள். சமரசம் பேசும் வக்கீலம்மா, ஏன் விற்கிறீர்கள் என்று அண்ணனைத் துருவித் துருவிக் கேட்டார். கடைசியில் வாயைத் திறந்தான்.

“ஒரு சோப்புத்தூள் மாத்தணும்னாகூட இவகிட்ட கேக்கணும் மேடம். நான் அங்க முதலாளியா, மூட்டை தூக்குறவனா?”

அவளுக்குச் சுருக்கென்றது. காசாசை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

அவன் கை வீசிய வேகத்தில் மேசைமேல் இருந்த காபி கவிழ்ந்தது. இருவரும் சட்டென எழுந்து, கோப்பைகளை ஒதுக்கி, மேசைவிரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக் கறை உள்ளே போகும்படி மடித்தார்கள். பாதி மடிப்பில் அவள் நின்றாள்.

“நீ உன் முனைய வித்துட்டா, நான் அந்த ஹோட்டல்காரரோடயா மடிக்கிறது? அவருக்குக் குனியவே வராது.”

வக்கீலம்மா சிரித்துவிட்டார். அண்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

“சோப்பு, வாடிக்கை, வெளிவேலை எல்லாம் உன் பாடு அண்ணா. மெஷின் என் பாடு. லாபம் பாதிப் பாதி. விக்கணும்னா முதல்ல என்கிட்டதான் கேக்கணும். எழுதிக்குங்க மேடம்.”

“நீ தலையிடாம இருந்துடுவியா?”

“தலையிட்டா கேஸ் போடு. கோர்ட்டுக்குப் போக வேன் நானே தர்றேன்.”

அவன் தன் முனையைக் கொண்டுவந்து அவள் கையில் சேர்த்தான். ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தானது.

வெளியே வந்ததும் அண்ணன் கையை நீட்டினான். “சாவியக் குடு. வெளிவேலை என் பாடு.”

“வேனும் மெஷின்தானே?”

நீட்டிய கை அப்படியே இருந்தது. கொடுத்தாள். கறைபட்ட மேசைவிரிப்பை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். முதல் திருப்பத்திலேயே கியரைக் கரகரவென்று மாற்றினான். நாக்கு நுனிவரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள்.