ஆறு வெற்று வரிகள்

அந்தப் பதக்கத்தை நிறுத்திவிட்டார்கள் என்ற செய்தி 1993-ல் வந்தபோது எனக்கு வருத்தமில்லை. வரத்து நின்றுபோன சரக்கு விலை ஏறத்தான் செய்யும். இங்கிலாந்தின் லிங்கன் நகரத்து மலைச்சரிவில் எனக்குப் பழைய பதக்கக் கடை. அப்பா பக்கத்து ஊரான நியூவார்க் சந்தையில் கடிகாரம் விற்றவர். எதிரில் இருப்பவன் எவ்வளவு வரை போவான் என்பதை அவன் செருப்பைப் பார்த்தே சொல்லிவிடுவார். எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது. பதக்கத்தின் விளிம்பையும் பார்த்தாக வேண்டும்.

முதல் உலகப் போர் முடியப்போகிற ஆண்டில் விமானப்படைக்கென்று இரண்டு விருதுகளைச் சேர்த்தே பிறப்பித்தார்கள். வானத்தில் வீரம் காட்டியவர் அதிகாரி என்றால் சிலுவை, சார்ஜெண்ட் என்றால் பதக்கம். ஒரே விமானம், ஒரே இரவு, ஒரே குண்டு. இறங்கியபின் இருவருக்கும் வேறு வேறு வெள்ளி. நாடாவில் ஊதாவும் வெள்ளையுமாகச் சாய்ந்த கோடுகள். அதிலும் சார்ஜெண்டுக்குக் கோடு மெலிசு. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சார்ஜெண்டுக்கு லாபம். பதக்கத்தின் விளிம்பில் அவர் எண்ணும் பெயரும் வெட்டியிருக்கும். அதிகாரியின் சிலுவையில் வருடம்தான் இருக்கும், பெயர் இருக்காது.

எழுபத்தைந்து வருடம் கழித்து, வீரத்துக்குப் பதவி வித்தியாசம் கிடையாது என்று யாருக்கோ தோன்றியது. இனி எல்லோருக்கும் சிலுவையே என்றார்கள். பதக்கம் போயிற்று. அதற்கு மேல்படியாக, சார்ஜெண்டுகளுக்கென்றே இரண்டாம் உலகப் போரில் நூற்றுச் சொச்சம் பேருக்கு மட்டும் கொடுத்த வெளிர்நீல நாடாப் பதக்கமும் அதோடு போயிற்று.

அந்த வாரம் வில்ஃப் டாஸ்கர் கடைக்கு வந்தார். ஊர் பஸ் டிப்போவில் முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்தவர். அந்த இரண்டாம் போரில் லங்காஸ்டர் குண்டு விமானத்தில் விமானிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பறந்த இன்ஜினியர்.

"க்ளெம், எனக்கு ஒரு காகிதம் வேணும்" என்றார். "எனக்குப் பதக்கம் கொடுக்கச் சொல்லி எழுதின சிபாரிசு. ஆவணக் காப்பகத்துல கிடைக்கும்ல?"

"கிடைக்கும். விக்கப் போறீங்களா?"

"நீ ஒருத்தன். சவப்பெட்டிக்கு அளவெடுக்கும்போதே நாடாவையும் அளப்ப. விக்கலப்பா. இந்த வருஷம் எங்க ஸ்குவாட்ரன் பழைய ஆளுங்க விருந்துல நான் நாலு வார்த்தை பேசணுமாம். இந்தப் பதக்கம் வாங்கினவன் எங்கள்ல நான் ஒருத்தன்தான் மிச்சம். எனக்கெங்க பேச வரும்? ஆப்ரி என்னைப் பத்தி எழுதினதை அவரே படிச்சார்னா போதும்."

ஆப்ரி ஃபேன் அவருடைய விமானி, அந்த விமானத்தின் தலைவர், அவர்கள் வழக்கில் ஸ்கிப்பர். ஏழு பேர் கொண்ட குழுவில் இப்போது இவர்கள் இருவர்தான். "வில்ஃபுக்கு நீலநாடாவே கொடுக்கணும்னு நான் எழுதினேன், மேலிடத்து மேஜைக்காரங்க வெட்டிட்டாங்க" என்று வருடாவருடம் விருந்தில் ஆப்ரி சொல்வார். சொல்லும்போது வில்ஃப் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரிப்பார். பிள்ளைக்குட்டி இல்லாத மனிதர். அவரிடம் சொத்து என்று இருந்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

மூன்று வாரத்தில் பிரதி வந்தது. முதலில் படித்தவன் நான். தொழில் பழக்கம். படித்துவிட்டு, கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். வில்ஃப் அதற்குள் வாசலில் நின்றார். எனக்கு விற்கத் தெரிந்த அளவுக்கு முகத்தை மறைக்கத் தெரியவில்லை.

ஸ்குவாட்ரனின் படைத்தலைவர் முதலில் நீலநாடாவைத்தான் தட்டச்சு செய்திருந்தார். அதை மையால் அடித்து, சாதாரணப் பதக்கம் என்று மாற்றியிருந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு: விமானத் தலைவரிடம் மறுபடி விசாரித்ததில், விமானத்தை முழு நேரமும் தானே ஓட்டியதாகவும், இன்ஜினியர் தன் உத்தரவுப்படி உதவியதாகவும் தெரிவிக்கிறார். கீழே ஆப்ரியின் கையெழுத்து.

வில்ஃப் இரண்டு தடவை படித்தார். என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு என்னதான் நடந்துச்சு?" என்றேன்.

"குண்டு பக்கத்துல வெடிச்சுது. ஒரு இன்ஜின் போச்சு. ஆப்ரிக்கு ஒரு கீறல் இல்ல. ஆனா ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டார். கூப்பிட்டேன், அறைஞ்சேன், அசையல. இழுத்துப் போட்டுட்டு நான் உக்காந்தேன். நேரா ஓட்ட மட்டும் தெரியும் எனக்கு. கடல் தாண்டி நம்ம கரை வந்ததும் எழுந்து வந்தார். இறக்கினது அவர்தான், பூ மாதிரி."

"இதை யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா கோழைன்னு முத்திரை குத்தி அனுப்பிருப்பாங்க. அவருக்கு இருபத்திரண்டு வயசு. அவருக்குத் தோள்ல அடிபட்டு மரத்துப்போச்சு, அதான் நான் ஓட்டினேன்னு எழுதிக்கொடுத்தேன். அவருக்கு ஒரு குறையும் வராத பொய். அதைக்கூட வேணாம்னுட்டார் பாரு. அதை ஒத்துக்கிட்டிருந்தா அவருக்குச் சிலுவை வந்திருக்காதே."

"அண்ணே, இதைக் கிழிச்சிரலாம்."

"சின்ன பதக்கம் கிடைச்சதுல வருத்தமில்லப்பா. அதுவே எனக்கு அதிகம். அம்பது வருஷமா என் தோள்ல கைபோட்டு, நான் பெருசாத்தான் எழுதினேன்னு சொன்னார் பாரு." காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். "அவரே படிக்கட்டும். ஒருவேளை உண்மையைச் சொல்லிருவார்."

விருந்து ஒரு ஞாயிறு மதியம், மதுக்கடை ஒன்றின் மாடியில். மாட்டிறைச்சி வறுவல், பொரித்த முள்ளங்கிக்கிழங்கு, கடைசியில் பாலாடைக்கட்டியோடு உலர்பழ ரொட்டி. அவர்கள் விமானத்தில் இருந்த வரிசையில்தான் உட்கார்வார்கள். விமானி, வலப்பக்கம் இன்ஜினியர், பிறகு மற்றவர். செத்தவர் இடத்தில் கவிழ்த்த கிளாஸ். விருந்து முடிந்து கிளம்புமுன் ஒவ்வொரு விமானியும் தன் குழுவைப் பெயர் சொல்லாமல் வேலையைச் சொல்லிக் கூப்பிடுவார். இருப்பவர் பதில் சொல்வார், இல்லாதவருக்காக அவருடைய கிளாஸைத் தட்டுவார்கள். வில்ஃப் வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டதால் வருடாவருடம் நான்தான் அழைத்துப் போவேன்.

வில்ஃப் எழுந்தார். "எனக்குப் பேச வராது. ஸ்கிப்பர் என்னைப் பத்தி எழுதினது கிடைச்சிருக்கு. அவரே படிப்பார்."

மேஜையைத் தட்டினார்கள். ஆப்ரி காகிதத்தை வாங்கி, கண்ணாடியை மாட்டினார். உயரமான மனிதர், விதை வியாபாரத்தில் பெரிய கை, குரலில் வெண்ணெய். பார்வை தாளில் பாதி தூரம் போய் நின்றது. ஒரு முறை வில்ஃபை நிமிர்ந்து பார்த்தார். வில்ஃப் தலையை லேசாக அசைத்தார், சொல்லுங்கள் என்பதுபோல.

ஆப்ரி படித்தார். "சார்ஜெண்ட் டாஸ்கரைப் போல நிதானமான ஆளை நான் பார்த்ததில்லை. இவருக்கு நீலநாடாவுக்குக் குறைவாக எதுவும் பொருந்தாது என்று உறுதியாகச் சிபாரிசு செய்கிறேன்."

தாளில் அப்படி ஒரு வார்த்தை கிடையாது. எத்தனையோ போலிச் சான்றிதழ் பார்த்திருக்கிறேன். கண்ணெதிரே வாயால் அச்சடித்ததை அன்றுதான் பார்த்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். வில்ஃபும் தட்டினார்.

பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு பழுப்புத் தாளை எடுத்து, பக்கத்து மேஜையிலிருந்த எர்னி ப்ளோவிடம் நீட்டினார். எர்னியும் பழைய இன்ஜினியர்.

"என்னடா இது, நம்ம இன்ஜின் லாக் தாளா? ஒப்படைக்காம அமுக்கிட்டியா, திருடா?"

"ஞாபகத்துக்கு வச்சேன். பாரு, சரியா எழுதியிருக்கேனான்னு."

இன்ஜினியர்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நான்கு இன்ஜின்களின் சூட்டையும் பெட்ரோலையும் குறித்தாக வேண்டும். தலைக்கு மேல் குண்டு வெடித்தாலும் குறிப்பார்கள். அந்த வெறி வேறு யாருக்கும் புரியாது. எர்னியின் விரல் வரிசையாக இறங்கியது. நின்றது.

"ஏண்டா சோம்பேறி, இங்க ஆறு வரி காலியா கிடக்கு. ரெண்டு மணி நேரம் பேனாவை எங்க தொலைச்ச?"

"பேனா இருந்துச்சு. ரெண்டு கையும் வேலையா இருந்துச்சு."

எர்னி சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் விட்டார். தாளின் அடியைப் பார்த்தார். அங்கே விமானத் தலைவரின் கையெழுத்து இருந்தது. எல்லாவற்றையும் சரிக்கட்டிய மனிதர், காலி வரிகளின் கீழ் அன்று இரவு படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார். இன்ஜினியர் தாளை எந்த விமானி படித்தான்?

எர்னி அதைத் தன் மேஜையிலிருந்த இன்னொரு இன்ஜினியரிடம் கொடுத்தார். அவர் ஆப்ரியின் மார்பிலிருந்த சிலுவையைப் பார்த்துவிட்டுத் தாளை ஆப்ரியின் முன்னால் வைத்தார்.

"வில்ஃப், எனக்கு அப்போ இருபத்திரண்டு" என்றார் ஆப்ரி, குரலில் வெண்ணெய் இல்லாமல்.

"எனக்கு இருபது. அதுக்குத்தான் அன்னைக்கே பொய் சொன்னேனே. இன்னைக்கு உங்களுக்கு எத்தனை வயசு?"

ரொட்டி வந்தது. வில்ஃப் தன் துண்டை முழுக்கத் தின்றார். மற்ற மேஜைகளில் குழுக்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கடைசியாக ஆப்ரி எழுந்து நின்றார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

"இன்ஜினியர்?" என்றார்.

வில்ஃப் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்ஜினியர்?"

வில்ஃப் தன் கிளாஸிலிருந்த மிச்சத்தைக் குடித்தார். அதைக் கவிழ்த்துத் தன் இடத்தில் வைத்தார்.

"க்ளெம்" என்றார் என்னைப் பார்த்து, "வண்டியை எங்க நிறுத்தியிருக்க?"