பி கூண்டுக்கு ஒன்றுமில்லை

1.

இந்தக் கதை ஒரு கையெழுத்தில் தொடங்கியது. கையெழுத்து என்னுடையது.

அடையாறில் ஒரு தனியார் ஆய்வுக்கூடம். விலங்குகளை வைத்துச் செய்யும் சோதனைகளுக்கு அனுமதி தர அங்கே ஒரு குழு உண்டு. அதில் அறிவியல் தெரியாத வெளியாள் ஒருவர் இருந்தாக வேண்டுமாம். கதை எழுதுகிறவன் சும்மாதானே இருப்பான் என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். நூற்றிருபது கோழிக்குஞ்சுகளுக்கான தாளில் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். அன்று சமோசா நன்றாக இருந்தது.

(சமோசா வரியை மூன்று முறை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன். இருக்கட்டும், வெட்கம் எனக்குத்தானே.)

2.

முதல் தொடக்கம்: 'ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும் ஒவ்வொரு குஞ்சும் இந்த உலகத்தில்' — வேண்டாம். அழ வைக்கப் பார்க்கிறது.

இரண்டாவது: ஷகீலாவுக்கு மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

இது நிற்கும். மேற்கு மாம்பலத்தில் வீடு. முனைவர் பட்டத்துக்காக அந்த ஆய்வுக்கூடத்தில் அவள் ஆராய்வது பிறந்த குஞ்சின் குடலை. ஒரு கிருமியை அடையாளம் கண்டு, நினைவில் வைத்து அடிக்கும் எதிர்ப்பு, முதல் வாரத்தில் குஞ்சுக்குத் தயாராகியிருக்காது. கூடப் பிறந்த காவல்தான் கதி: குடலில் பூசிய கோழை, கிருமியைத் துளைக்கும் சிறு புரதங்கள், கண்டதை விழுங்கும் வெள்ளணுக்கள்.*

ஏ கூண்டுக்கு அந்தக் காவலைக் கூட்டும் என்று அவள் நம்பிய மூலிகைப் பொடி. பி கூண்டுக்கு வெறும் தீனி. இரண்டாம் நாள் எல்லாக் குஞ்சுக்கும் வாயில் ஒரு சொட்டு சால்மொனெல்லா கிருமி. ஏழாம் நாள் அத்தனையையும் கொன்று குடலைத் திறந்து பார்க்க வேண்டும். ஒரு முறைக்கு நாற்பது குஞ்சு, மூன்று முறை. முதல் இரண்டு முறையும் பி கூண்டில் பாதி ஏழாம் நாளுக்கு முன்பே செத்தன. அவளுக்குச் சாதகமான சாவு. மூன்றாவதுதான் கடைசி, அத்தோடு அனுமதி தீர்ந்துவிடும்.

* தாய்க்கோழியோடு வளரும் குஞ்சு அதன் எச்சத்தையும் கொத்தும். அதிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் குடலில் குடியேறி, கெட்டவற்றுக்கு இடம் விடாது, காவலையும் முடுக்கிவிடும். பொரிப்பகக் குஞ்சு தாயைப் பார்த்ததே இல்லை.

3.

ஏழாம் நாள் காலை. பி கூண்டில் இருபதும் நின்றன. நின்றதோடு ஓடின, ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு தீனிக்கு முண்டின. ஷகீலா இன்னொரு முறை எண்ணிப் பார்த்தாள். கூண்டு பார்ப்பவர் பெயர் சின்னப்பையன்; அவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, பி கூண்டுக்கு என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணியும் இல்லம்மா."

"அண்ணா, என்னைப் பாத்துச் சொல்லுங்க."

அவர் கூண்டைப் பார்த்தே சொன்னார். "எங்கூட்டுக் கோழி பீய தண்ணில கரைச்சு, குஞ்சு வந்த அன்னிக்கே தீனில பெசறி வெச்சேன். அதுக்கு நீ மருந்து குடுக்குற, இதுக்கு ஒண்ணியும் இல்ல. போன தபா வயித்தால போயி, சுருண்டு சுருண்டு செத்துச்சுங்க. பாத்துக்கினு இருக்க முடில."

"இன்னிக்கு எப்படியும் நாமதானே கொல்லப் போறோம்? தெரியும்தானே?"

"தெரியாம இன்னா? நான்தான புடிச்சுக் குடுக்கறேன். அதுவரைக்கும் வயித்துவலி இல்லாம கெடக்கட்டுமேன்னுதான்."

மூன்று வருடம் ஒரு கைப்பிடி எச்சத்தில் போயிற்று. அவரை அறைய வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் கையுறை மாட்டினாள். அவர் ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். இருபது முறை. குடல்கள் சுத்தமாக இருந்தன.

4.

சின்னப்பையன்மேல் எனக்குச் சந்தேகம். ஐம்பத்தாறு வயதிலும் சின்னப்பையன். சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரத்திலிருந்து குடும்பத்தோடு பெயர்த்து, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் போட்டார்கள். மாடிப்படிக்கு அடியில் கோழி வளர்க்கிறார். ரொம்ப நல்லவராக எழுதிவிட்டேனோ? ஞாயிறுதோறும் அந்தக் கோழிகளில் ஒன்றை அறுத்துக் குழம்பு வைப்பவரும் அவர்தான். எனக்கே ஒரு தூக்கு கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். நானும்

(இந்த வாக்கியம் இங்கேயே நிற்கட்டும்.)

5.

முடிவு, ஒன்று: ஷகீலா உள்ளதை எழுதுகிறாள். சின்னப்பையன் ஒப்பந்த ஆள். அன்றே வாசலோடு சரி.

முடிவு, இரண்டு: வாயைத் திறப்பதில்லை. பொடியால் பயனில்லை என்று பொய்யாகப் பதிவாகிறது, பட்டமும் போகிறது.

முடிவு, மூன்று: ஏ, பி சீட்டுகளை மாற்றி ஒட்டுகிறாள்; ஏ கூண்டைவிடச் சுத்தமாக இருந்த பி குடல்கள் பொடியின் கணக்கில் ஏறும். இதை யோசித்ததாக அவளே என்னிடம் சொன்னாள். சொல்லும்போது கையை முகர்ந்து பார்த்துக்கொண்டாள்.

நேற்று அவள் என் வீட்டுக்கு வந்திருந்தாள். குழுவுக்குத் தர வேண்டிய படிவம் கையில். 'பி கூண்டு: எதிர்பாராத மாறுதல். காரணம்:' அதற்குப் பின் வெற்றிடம்.

"நீங்களே எழுதிடுங்க, சார்."

"நானா? எனக்கென்னம்மா தெரியும்?"

"நூத்தியிருபதுக்கும் கையெழுத்துப் போட்டீங்களே, அப்ப மட்டும் தெரிஞ்சுதா?"

காபிகூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

இந்த முறை தாளை முழுக்கப் படித்தேன். பெயரை மாற்றி இதை அச்சிட்டாலும், கூண்டு பார்ப்பவர் அங்கே ஒரே ஒருவர்தான். காரணம் என்ற சொல்லுக்கு எதிரே நான் எழுதிய ஒரே வரி இது: 'அதுவரைக்கும் வயிற்றுவலி இல்லாமல்'. அடித்துவிட்டேன்.

நாளை நாலு மணிக்குள் கொடுக்க வேண்டும். இப்போது படித்தவர் நீங்களும்தான்.

காரணம்: