மாமனார் வீட்டை அடைக்கும் நேரம்

அந்த வீட்டில் மாமனாரைக் குளிப்பாட்டுவதுதான் வமைதாவுக்குப் பெரும்பாடு. சோப்பைக் கண்டால் போதும், சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். மாமியார் அப்படியில்லை. தண்ணீரில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்கவே மாட்டார். மாமனாருக்கு நாலு வயது. மாமியாருக்கு இன்னும் இரண்டு முடியவில்லை.

முதல் பையனுக்குக் கணவனின் அப்பா பெயர், முதல் பெண்ணுக்குக் கணவனின் அம்மா பெயர். கிகுயு இனத்தவர் வீடுகளில் இதை யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. அப்படித்தான் பையன் கிச்சுரு ஆனான், சின்னவள் வைரிமு ஆனாள். வமைதா கல்யாணமாகி வருவதற்கு முன்பே பெரியவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களை அவள் பார்த்ததுகூடக் கிடையாது. பெயர் மட்டும் வந்திருந்தால் தொல்லையில்லை. பெயரோடு மரியாதையும் வந்தது. அதை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கியவள் நாத்தனார் நியாவிரா.

நியாவிரா திக்கா சந்தையில் பழைய துணி விற்கிறாள். குரல் அப்படி. நாலு கடை தள்ளிப் போகிறவனையும் திரும்பிப் பார்க்க வைத்துவிடும். அந்தக் குரல் தினமும் மாலை ஆறு மணிக்கு மூன்று மாடி ஏறி வந்து, சோபாவில் கால் ஆட்டிக்கொண்டிருக்கும் பையனுக்கு முன்னால் நின்று பஞ்சாகிவிடும்.

"அப்பா, சௌக்கியமா இருக்கீங்களா?"

"சௌக்கியம் நியாவிரா. என்ன கொண்டாந்த?"

அத்தை என்று அவன் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவளும் கூப்பிட விட்டதில்லை. பையிலிருந்து ஆரஞ்சு சோடா வரும், எண்ணெயில் பொரித்த மண்டாசி வரும். "பெத்த அப்பனைப் பார்க்க வெறுங்கையோட வர்றதா?" என்பாள். அந்தச் சர்க்கரையெல்லாம் ஏழு மணிக்குப் பிள்ளைகளின் ரத்தத்தில் ஏறி, ஒன்பதரை வரை மேசைமேல் ஆடும்.

இத்தனை நாள் வமைதா இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். அவள் ஒரு பிரசவ கிளினிக்கில் நர்ஸ், தினக்கூலிக்கு. இப்போது நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் இரவுப் பணி. வருகிற திங்கட்கிழமை ஏழே முக்காலுக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். புருஷன் மச்சாரியா லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் இருபது நாள் மொம்பாசாவுக்கும் உகாண்டா எல்லைக்கும் நடுவில் எங்கோ இருப்பான். பிள்ளைகளோடு ராத்தங்க நியாவிராவை விட்டால் ஆளில்லை. இது நடக்காது என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும். அந்த வேலைக்கு இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், வியாழன்தோறும் கிளினிக்கில் தாய்மார்களை உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறவள் இவள்தான். "ஆறரைக்குச் சாப்பாடு, ஏழுக்குக் குளியல், அப்புறம் மெதுவான குரல்ல ஒரு கதை, விளக்கை அணைச்சிடுங்க. தினமும் அதே வரிசை. புள்ளைங்களுக்கு அடுத்து என்னன்னு தெரிஞ்சா மனசு அடங்கிடும்." அந்தத் தாய்மார்கள் யாரும் இவள் வீட்டுப் பக்கம் வந்துவிடக் கூடாதே என்று தினமும் வேண்டிக்கொள்வாள்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை. வரிசையை நியாவிராவுக்கு நாலு தடவை சொல்லிக் கொடுத்துவிட்டு, வமைதா கீழே காய்கறிக் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். எட்டரைக்கு மேலே வந்து கதவைத் திறந்தாள். மாமனார் சோபாவில் சாய்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார். நியாவிரா தரையில் உட்கார்ந்து அன்றைய சந்தை நிலவரத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். மாமியார் உடம்பில் துணியில்லாமல், தலையில் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா இது?"

"நான் என்னடி பண்றது? படுக்கலாமாப்பான்னு மூணு வாட்டி கேட்டேன். வேணாம்னுட்டார்."

"கேட்டீங்களா? நாலு வயசுப் புள்ளகிட்ட யாராவது கேப்பாங்களா? படுன்னு சொல்லணும்!"

"அப்பாவைப் போயி அதட்டச் சொல்றியா? என் வாயில வராதுடி."

வமைதாவுக்கு அன்று காலையிலிருந்தே தலைவலி. பெஞ்சில் கொசு வேறு பிடுங்கி எடுத்திருந்தது. வாய் முந்திக்கொண்டது.

"உங்க அப்பா செத்துப் போயி ஆறு வருஷமாச்சு அக்கா. இது என் புள்ள."

நியாவிரா தரையிலிருந்து எழுந்தாள். பையை எடுத்தாள், செருப்பை மாட்டினாள், பையனைப் பார்த்து லேசாகத் தலை குனிந்துவிட்டு இறங்கிப் போனாள்.

புதன்கிழமை அவள் வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. பையன் ஆறு மணிக்கே கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். "நியாவிரா எங்க?" என்று கேட்டுக் கேட்டு அழுதான். அன்று சோடாவும் இல்லை, சந்தை நிலவரமும் இல்லை. ஆனாலும் பிள்ளைகள் பத்து மணி வரை தூங்கவில்லை. அப்போதுதான் குற்றம் சோடாவின் தலையில் மட்டும் இல்லை என்பது வமைதாவுக்குப் புரிந்தது. தான் பேசியது நெஞ்சில் முள்ளாகக் கிடந்து உறுத்தியது.

மச்சாரியாவுக்குப் போன் போட்டாள். லாரி எடைமேடை வரிசையில் நின்றுகொண்டிருந்தான், பேச நேரம் இருந்தது. நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொன்னான்.

"அப்பா போனப்ப அவ வளைகுடாவுல வீட்டு வேலையில இருந்தா. அங்க இருந்தவங்க விடலை. எட்டு மாசம் கழிச்சு வந்து மண்மேட்டைத்தான் பாத்தா. அது உனக்குத் தெரியும்."

"தெரியும். தெரிஞ்சேதான் சொல்லித் தொலைச்சேன்."

"தெரியாததும் ஒண்ணு இருக்கு. அப்பா தினமும் எட்டு மணிக்கு டார்ச்சை எடுத்துக்கிட்டு வீட்டை அடைப்பார். மாட்டுக் கயிறு, கோழிக்கூடு, அடுப்பு, ஜன்னல். கடைசியா கதவுகிட்ட நின்னு ஒவ்வொருத்தர் பேரா சொல்வார். இன்னார் உள்ள, இன்னார் உள்ள, இன்னிக்குப் போதும், தூங்குங்கன்னு. அதுக்கப்புறம் கூரை இடிஞ்சு விழுந்தாலும் ஒருத்தரும் பேச மாட்டோம். நல்லாத் தூக்கம் வரும். அவ வெளிநாடு போன பிறகு பேரையெல்லாம் சொல்லிட்டு, 'ஒருத்தி வெளியில'ன்னு சொல்லி மேல் தாழ்ப்பாளைப் போடாம விட்டுடுவார். சாகற வரைக்கும் போடலை."

"இதை அக்காகிட்ட சொன்னியா?"

"எப்படிச் சொல்றது? எனக்கு வாய் வரலை." அவனுக்குப் பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். போனை வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை மதியம் வமைதா சந்தைக்குப் போனாள். நியாவிரா குவியலுக்கு நடுவில் நின்று சட்டைகளை உதறிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்தும் பார்க்காதது போல உதறினாள். வமைதா மறுபக்கம் போய் ஒரு சட்டையை எடுத்துத் தானும் உதறி மடித்தாள்.

"அப்படி மடிச்சா எவன் வாங்குவான்? குடு இங்க," என்று பிடுங்கிக்கொண்டாள் நியாவிரா.

"அக்கா, நான் பேசினது தப்பு. என் நாக்குல புண்ணு வரணும்."

"வந்தா கிளினிக்ல யாருடி பாடம் நடத்துறது?" முகம் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் உட்கார ஒரு மூட்டையைக் காலால் தள்ளிவிட்டாள். "எனக்குத் தெரியாமலா இருக்கு, அது குழந்தைன்னு? அப்பான்னு கூப்பிட்டா ஒரு குரல் 'என்ன நியாவிரா'ங்குதே. அதுக்காகத்தான்டி மூணு மாடி ஏறி வர்றேன்."

வமைதா குவியலிலிருந்து இன்னொரு சட்டையை எடுத்தாள். எதற்கென்று தெரியாமல் அதை நாலாக மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

"கூப்பிடுங்க. நல்லாக் கூப்பிடுங்க. அவரை அதட்டவும் வேணாம். ஆனா வீட்டுப் பெரியவர் சும்மா சோபாவுல உக்காந்திருக்கலாமா? அவர் வேலையை அவர்கிட்ட குடுத்துடுவோம். வீட்டை அடைக்கட்டும்."

நியாவிரா உதறிய சட்டை கையிலேயே நின்றது. மச்சாரியா சொல்லியிருப்பான் என்று புரிந்துகொண்டாள். டார்ச்சைப் பற்றியும் கோழிக்கூட்டைப் பற்றியும் அவளே நாலு வார்த்தை சொன்னாள். பெயர் சொல்கிற இடத்துக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டாள். "அதை நீயே சொல்லிக் குடு. என்னால ஆகாது," என்றாள். தாழ்ப்பாள் விஷயத்தை வமைதா எடுக்கவில்லை. எடுத்தால் இருவரும் நடுச்சந்தையில் உட்கார்ந்து அழ வேண்டியிருக்கும்.

சனிக்கிழமை மாமனாருக்கு ஒரு சின்ன டார்ச் வாங்கிக் கொடுத்தார்கள். குளிக்காத பெரியவர் வீட்டை அடைக்க முடியாது என்று சட்டம் வந்தது. சோபாவுக்கு அடியிலிருந்து தானே வெளியே வந்தார். சாப்பாடு, குளியல், பிறகு டார்ச். கேஸ் மூடியாச்சா, பார்த்தார். குழாய் சொட்டுகிறதா, பார்த்தார். ஜன்னல் திரையை இழுத்தார். கதவருகே நின்று ஒவ்வொருவர் பெயராகச் சொன்னார். சொல்லிவிட்டு, சுவையாக இருந்ததோ என்னவோ, எல்லாவற்றையும் திறந்துவிட்டு மறுபடி அடைத்தார். மூன்று தடவை அடைத்த பிறகுதான் படுத்தார். மாமியார் டார்ச் வேண்டுமென்று அரை மணி நேரம் அழுதார். அவருக்குத் திரையின் நுனியைப் பிடித்து இழுக்கும் பதவி கொடுக்கப்பட்டது.

அன்று ஒரு கேள்வியும் வந்தது. படுக்கையில் சாய்ந்துகொண்டு பையன் கேட்டான்: "திங்கக்கிழமை நீ வெளியில இருப்பியே, உன் பேரை எப்படிச் சொல்றது?"

பெரிய கிச்சுரு என்ன செய்வார் என்பதை வமைதா அவனுக்குச் சொன்னாள். ஒருத்தி வெளியே இருந்தால் மேல் தாழ்ப்பாள் போடக் கூடாது, அவ்வளவுதான். ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டான். அதையும் சொன்னாள். நாலு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு புரியுமோ அவ்வளவு.

ஞாயிற்றுக்கிழமை ஒரே தடவைதான் அடைத்தான். எட்டு மணிக்கு இரண்டும் தூங்கிவிட்டன. வமைதா வெளிநடையில் நின்று தலைமை நர்ஸுக்குப் போன் செய்தாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டாளே தவிர, நம்பிக்கை இல்லை. ஏனென்றால் இரண்டு நாளும் நியாவிரா பெயர் சொல்கிற நேரத்துக்கு நிற்காமல், இருட்டுவதற்கு முன்பே கிளம்பிப் போயிருந்தாள். அவளை வைத்துக்கொண்டு இன்னும் ஒருநாளும் வீடு அடைக்கப்படவில்லை.

திங்கட்கிழமை ஐந்தரைக்கே நியாவிரா வந்துவிட்டாள். பையில் சோடா இல்லை, வாழைப்பழச் சீப்பு இருந்தது. "வெறுங்கையோட வர முடியாதுல்ல," என்றாள் சங்கடமாக. அவரையும் மக்காச்சோளமும் வெந்த கிதேரியை எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். மாமியார் தண்ணீரைவிட்டு எழ மாட்டேன் என்றார், எழுப்பினார்கள். ஏழு நாற்பதுக்கு வமைதா சீருடை போட்டுக்கொண்டு இரண்டு பேரையும் முத்தமிட்டாள். வைரிமு உதட்டைப் பிதுக்கினாள். பையன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, "நீ போ. நான் அடைக்கணும்," என்றான்.

வெளியே வந்தவள் போகவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கதவில் காதை வைத்து நின்றாள். தாமதமாகப் போனால் முதல் நாளே கெட்ட பெயர். நின்றாள்.

உள்ளே சின்னக் காலடிகள் நடந்தன. "கேஸ் மூடியாச்சு." "குழாய் மூடியாச்சு." திரை வளையங்கள் சரசரத்தன, அது மாமியாரின் வேலை. பிறகு காலடிகள் கதவருகே வந்தன. கீழ்த் தாழ்ப்பாள் விழுந்தது.

"மேல இருக்கிறதையும் போட்டுடலாம்ப்பா. நான் தூக்கிக்கறேன்," என்றாள் நியாவிரா.

"வேணாம். ஒருத்தி வெளியில இருக்கா."

"யாரு சொன்னா இப்படி?"

"பெரிய கிச்சுரு அப்படித்தான் விட்டு வைப்பாராம். நீ வெளியில இருந்தேல்ல, அப்ப. நீ வருவேன்னு தினமும் விட்டு வைப்பாராம்."

வமைதா கதவோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள். தான் செய்தது சரியா, இந்தப் பாரத்தை ஒரு குழந்தையின் வாயில் வைத்து அனுப்பியிருக்கலாமா என்று யோசித்தாள். நியாவிரா அழுதால் பிள்ளைகளும் அழும், பிறகு கதவைத் தட்டி உள்ளே போக வேண்டியதுதான், வேலையும் அத்தோடு போய்விடும்.

டார்ச் வெளிச்சம் கதவிடுக்கில் ஒருமுறை அசைந்தது.

"வைரிமு உள்ள," என்றான் பையன், வீட்டுக்குப் பெரியவன் குரலில். "அம்மா வெளியில. நியாவிரா..."

அவன் நிறுத்தினான். இவளை உள்ளே என்பதா, வெளியே என்பதா என்று யோசித்திருப்பான்.

"நியாவிரா, நீ உள்ள வந்துட்ட. இன்னிக்குப் போதும். தூங்கு."

பதிலுக்கு அந்தச் சந்தைக் குரல் கேட்டது. சின்னப் பெண்ணின் குரலாகக் கேட்டது.

"சரிப்பா. தூங்கறேன்."

விளக்கு அணைந்தது. வமைதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டாமலே மூன்று மாடியும் சத்தமில்லாமல் இறங்கினாள்.