மச்சினன் நம்பருக்கு வரும் ஓடிபி

பெட்டி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. டிவிக்குப் பக்கத்தில், சாமி படத்துக்குக் கீழே, நீல விளக்கைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கை நீட்டினால் தொடலாம். உள்ளே இருப்பவை நான் எடுத்த படங்கள், பெட்டி என் காசில் வாங்கியது, அது குடிப்பது என் கரண்ட். ஆனால் திறந்து பார்க்க எனக்கு அனுமதி இல்லை. அனுமதி கடல் தாண்டி எங்கிருந்தோ வர வேண்டுமாம்.

என் பெயர் மாதேஸ்வரன். மலைமேல் வாசலூர்பட்டி படகுத்துறைக்கு எதிரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். வீடு, வாழவந்தி நாடு என்கிற ஊரில். எடுத்த வீடியோக்களைச் சேர்த்து வைக்க இடம் போதாமல், மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் ஹபீப் ரஹ்மான் பாய் கடையில் இந்தப் பெட்டியை வாங்கினேன். உள்ளே ஹார்டு டிஸ்க், வெளியே ஒரு வயர். வீட்டு வைஃபையில் சேர்த்துவிட்டால் போனிலேயே எல்லாவற்றையும் பார்க்கலாம். "உங்க சாமான் உங்க ஊட்டுக்குள்ளயே பத்திரமா இருக்குமுங்க, ஒருத்தன் தொட முடியாது" என்றார் பாய். அவர் வாக்கு அப்படியே பலித்தது. ஒருத்தனாலும் தொட முடியவில்லை, என்னையும் சேர்த்து.

எனக்கு அதிலிருந்து வேண்டியது ஒரே ஒரு வீடியோ. மூன்று வருஷத்துக்கு முன் என் மகளுக்குக் காது குத்திய வீடியோ.

எங்கள் பக்கம் தாய்மாமனைச் சபையில் வாய்விட்டுக் கூப்பிட்டு, அவன் மடியில் பிள்ளையை உட்கார வைத்த பிறகுதான் ஆசாரி ஊசியை எடுப்பார். அன்றைக்கு நான் மைக்கில் மூன்று தடவை கூப்பிட்டேன். என் மச்சினன் சந்தோஷ்குமார், அதாவது என் மனைவி யமுனாவின் தம்பி, கறிச்சட்டிப் பக்கம் நின்றுகொண்டு வரவே இல்லை. நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஆசாரி அவசரப்படுத்த, பிள்ளையை என் அண்ணன் மடியில் வைத்து வேலையை முடித்துவிட்டோம். சந்தோஷ், தன்னை யாரும் கூப்பிடவே இல்லை என்று சொல்லி, கை நனைக்காமல் போனவன்தான். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

இப்போது சின்னவனுக்குக் காது குத்த வேண்டும். யமுனா முடிவாகச் சொல்லிவிட்டாள்: "எந்தம்பி மடியில உக்காராம இவன் காதுல ஊசி படாது." அவள் நேரில் போய்க் கேட்டதற்குத் தம்பி, மைக்கில் கூப்பிட்டதைக் கண்ணால் காட்டினால் வருகிறேன், இல்லாவிட்டால் இல்லை என்றிருக்கிறான். காட்டிவிட்டால் போயிற்று என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனை எடுத்தேன்.

பழைய ஆப் திறக்கவில்லை. என் போன் அதற்கு மிகப் புதியது என்றது. சரி என்று அந்தக் கம்பெனியின் புது ஆப்பை இறக்கினேன். என் பெட்டி அதற்கு மிகப் பழையது என்றது. எனக்கு நாற்பத்திரண்டு வயது. என்னைப் பற்றி மட்டும்தான் அது ஒன்றும் சொல்லவில்லை. டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். 'இந்த டிஸ்க்கை அழித்துச் சுத்தம் செய்யட்டுமா?' என்று அது பணிவாகக் கேட்டது. பதறிப்போய் வயரைப் பிடுங்கி, டிஸ்க்கைப் பெட்டிக்குள்ளேயே திரும்ப மாட்டினேன்.

கஸ்டமர் கேருக்குப் பேச வேண்டும் என்றால் எங்கள் வீட்டிலும் ஸ்டுடியோவிலும் டவர் கிடைக்காது. வளைவு ரோட்டுக்குப் போக வேண்டும். அந்த வளைவில், டவருக்கு நேர் கீழே இருப்பது சந்தோஷ் வீடு. ஆகவே அவன் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மிளகுக் கொடியைப் பார்த்தபடி நின்று பேசினேன். பாட்டுப் போட்டார்கள். என் அழைப்பு அவர்களுக்கு மிக முக்கியம் என்றார்கள். பிறகு ஒரு குரல் வந்து, பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னது. மழை நாளில் எங்கள் மலையில் கரண்ட் அந்த வேலையைத் தானாகவே செய்துவிடும் என்றேன். பொறுமைக்கு நன்றி என்றது. எனக்கு இருக்கிற பொறுமையை யமுனாவைக் கேட்டால் தெரியும்.

கடைசியில் விஷயம் வெளிவந்தது. பழைய பெட்டியையும் புது ஆப்பில் சேர்க்க வழி இருக்கிறதாம், அதற்கு ஓடிபி வேண்டும். அது பதிவு செய்த நம்பருக்குத்தான் போகும். பதிவு செய்த நம்பர் என்னுடையது அல்ல. பெட்டி வாங்கிய புதிதில், எங்கள் வீட்டில் மெசேஜ் வராது என்பதால் சந்தோஷ் நம்பரைக் கொடுத்திருந்தோம். அப்போது அவன் இனிய மச்சினன்.

நம்பரை மாற்றிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். தாராளமாக மாற்றலாமாம், உறுதி செய்ய பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி வருமாம்.

ஆத்திரத்தில் பஸ் ஏறி மலையிறங்கிப் பாயிடம் போய்க் கத்தினேன். அவர் டீ வரவழைத்துக் கொடுத்து, பெட்டியை விற்றதோடு தன் கடமை முடிந்தது, உள்ளே இருக்கிற பேய் கம்பெனிக்காரனுடையது என்று வருத்தமாகச் சொன்னார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏனுங்க, அந்த நம்பர்காரரையே கேட்டுப் பாக்கறதுதானுங்களே?" என்றார். அதைவிட மலையிலிருந்து குதிக்கலாம் என்று திரும்பி வந்தேன்.

குதிக்கவில்லை. சந்தோஷ் என்னை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்திருந்தான், யமுனாவிடம் இருப்பது பட்டன் போன். ஓடிபிக்கோ இரண்டே நிமிஷம்தான் ஆயுசு. அவன் என் வீட்டுக்கு வரமாட்டான். ஆகவே பெட்டியைத் துண்டில் சுற்றி, யமுனா மடியில் வைத்து, வண்டியில் அவன் வீட்டுக்குப் போனோம். அவன்மேல் குற்றத்தை நிரூபிக்க அவனிடமே சாவி கேட்டுப் போகிற நிலைமை எந்த மனுஷனுக்கும் வரக்கூடாது.

அன்று அவன் என்னை உட்காரச் சொல்லவில்லை. பிளக் பாயிண்டை மட்டும் கையால் காட்டினான். ஓடிபி வந்தது, படித்தான், போட்டேன், காலாவதி என்றது. மறுபடி வந்தது, மறுபடி காலாவதி. பிறகு, நீங்கள் நிறையத் தடவை முயன்றுவிட்டீர்கள், நாளை வாருங்கள் என்று கதவைச் சாத்தியது.

மறுநாள் போனபோது டீ கிடைத்தது. ஓடிபியும் ஏறிவிட்டது. ஆனால் பெட்டி தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டுமாம். திரையில் ஒரு கோடு மரவள்ளிக் கிழங்கு விளைகிற வேகத்தில் வளர்ந்தது. மத்தியானச் சோறும் அங்கேயே சாப்பிட்டோம். கோடு முடிகிற இடத்தில் ஏதோ பிழை என்றது. நான் கஸ்டமர் கேரைக் கூப்பிட்டுக் குழறிக்கொண்டிருந்தபோது சந்தோஷ் போனைப் பிடுங்கினான்.

"ஏனுங்க, எங்க மச்சான் எடுத்த படமுங்க அது. அவரு படத்தை அவரு பாக்கறதுக்கு உங்களை எதுக்குங்க கேக்கோணும்?"

எங்க மச்சான் என்று அவன் வாயில் வந்து மூன்று வருஷம் ஆகிறது. அவனுக்கே அது உறைத்து, குரலை இன்னும் ஏற்றித் திட்டினான். யமுனா சட்டென்று உள்ளே போய்விட்டாள். அவன் திட்டி முடித்ததும் போனை நான் வாங்கித் திட்டினேன். இருவரும் சேர்ந்து யாரையாவது திட்டி எவ்வளவு நாளாகிறது என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் ஆப் திறந்தது. அந்த வீடியோவும் இருந்தது. மூன்று பேரும் போன்மேல் கவிழ்ந்தோம்.

பந்தல் தெரிந்தது. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு வந்து நான் மைக்கைப் பிடித்து நின்றேன். என் வாய் திறந்தது, மூடியது. சத்தம் வரவில்லை. கீழே ஒரு வரி வந்தது: இந்த ஒலி வகைக்கு இப்பதிப்பில் ஆதரவு இல்லை. ஒலியோடு பார்க்க மாதச் சந்தா கட்டவும்.

"பாத்தியா, கூப்பிடறேன் பாரு" என்றேன்.

வாய் அசைவது தெரிகிறது. அது தன்னைக் கூப்பிட்டதா, பந்திக்கு வாழையிலை கொண்டுவரச் சொன்னதா என்று யாருக்குத் தெரியும் என்றான் சந்தோஷ். எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. பின்னால், கறிச்சட்டிக்குப் பக்கத்தில், கரண்டியும் கையுமாக அவன் முதுகு தெரிந்தது. என் மகள் அண்ணன் மடியில் திமிறிக்கொண்டு, அந்த முதுகைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி அழுதாள். அழுகையும் கேட்கவில்லை. ஊசி இறங்கிய பிறகுதான் அவன் திரும்பினான். திரும்பியவன் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுப் படத்தை விட்டே போனான்.

சந்தோஷ் போனை வாங்கி, பிள்ளை கை நீட்டுகிற இடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தான். பிறகு அதைத் தரையில் கவிழ்த்து வைத்தான்.

"இதுல கேக்கலீங்க மச்சான். நீங்க இங்கதான உக்காந்திருக்கீங்க. இப்பக் கூப்பிடுங்க, எனக்குக் கேக்கும்."

மூன்று தடவை கூப்பிட்டேன், மூன்று தடவை கூப்பிட்டேன் என்று மூன்று வருஷமாக மலை முழுக்கச் சொல்லி வந்தவன் நான். இப்போது ஒரு தடவை கூப்பிட வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. யமுனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ளே," என்றேன். "சின்னவனுக்குக் காது குத்தறோம். நீ வந்து மடியில வெச்சுக்கோணும்."

"வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து உள்ளே போனான். முகத்தைக் கழுவுகிற சத்தம் கேட்டது. யமுனா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டியைத் துண்டில் சுற்றத் தொடங்கினாள். நான் போனை நிமிர்த்தினேன். ஆப் என்னை வெளியே தள்ளியிருந்தது. மீண்டும் நுழைய, பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது.

உள்ளே அவன் போன் டிங் என்றது. கேட்காமலே, உள்ளிருந்தபடியே ஒவ்வொரு நம்பராகச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான்.