நான்காம் இடமும் பதின்மூன்றாம் இடமும்

கல்லூரிகளுக்கிடையிலான கூடைப்பந்துக் கோப்பைக்குப் பதினாறு அணிகளை நான்கு மைதானங்களுக்குப் பிரித்து அனுப்பும் பொறுப்பு இரண்டாயிரமாவது ஆண்டிலும் டக்ளஸிடமே இருந்தது. அவர் ஊட்டிக் கல்லூரியொன்றின் உடற்கல்வி ஆசிரியர். முந்தைய ஆண்டின் வெற்றிகளைக் கொண்டு அணிகளை வரிசைப்படுத்துவார். முதல் நான்கு அணிகளுக்கு அவரவர் ஊருக்கு மிக அருகிலுள்ள மைதானம். அடுத்த நான்கும் தலைகீழாக வந்து சேரும்: ஐந்தாவது அணி நான்காவதோடு, எட்டாவது முதலாவதோடு. இப்படியே வளைந்து வளைந்து இறங்கினால் நான்கு தொகுதிகளின் பலமும் ஏறக்குறையச் சமமாகிவிடும். இதில் மனிதர் விருப்பத்துக்கு இடமில்லை என்பதே டக்ளஸின் பெருமை.

அந்த ஆண்டு மழையில் கோத்தகிரி மைதானம் சரிந்துபோனதால், கட்டபெட்டில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் சிமென்ட் முற்றத்தில் கம்பங்கள் நடப்பட்டன. இடம் தந்தவர் உரிமையாளர் மருதாசலம், கோயம்புத்தூர்க்காரர். அவருடைய மகன் கீர்த்திவாசன் குன்னூர் அணியின் தலைவன். அந்த அணி பதின்மூன்றாம் இடத்தில் இருந்தது. நான்காம் இடத்திலிருந்த கோத்தகிரி அணிக்குக் கட்டபெட்டுதான் அருகில். வரிசை வளைந்து வந்தபோது இரண்டும் அதே முற்றத்தில், முதல் ஆட்டத்திலேயே மோதுவதாக அமைந்தது.

கோத்தகிரி அணியின் பயிற்சியாளர் நஞ்சப்பன் அணிகளைப் பிரிக்கும் கூட்டத்தின் இடைவேளையில் டக்ளஸைத் தனியே அழைத்தார். தேயிலை விலை சரிந்து, விவசாயிகள் பறிப்பதையே விட்டுக்கொண்டிருந்த நேரம். போன புதன்கிழமை, கோத்தகிரி அணியின் நடு ஆட்டக்காரன் போஜனின் அப்பா கொண்டுவந்த இலையைத் தரமில்லை என்று மருதாசலத்தின் ஆட்கள் திருப்பியிருந்தார்கள். அவர் மூட்டைகளை வாசலிலேயே கொட்டிவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்ள, காவலாளிகள் அவரைச் சரளைக்கல்லில் தரதரவென்று இழுத்து வெளியே எறிந்தார்கள். விலா எலும்பு இரண்டு முறிந்தது.

“பதிமூணையும் பதினாலையும் மாத்திப் போடுங்க டக்ளஸ். குன்னூர்ப் பசங்க கூடலூருக்குப் போகட்டும்.”

போட்டி விதி அதை அனுமதித்தது. அருகருகே உள்ள இரண்டு அணிகளைத் தக்க காரணம் இருந்தால் மாற்றலாம். ஆனால் சென்ற ஆண்டு பேருந்து வசதிக்காக ஓர் அணியை மாற்றியதற்கு, வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டினார் என்று அவர்மேல் பல்கலைக்கழகத்துக்கு மனு போயிருந்தது. இனி மாற்றுவதில்லை என்று டக்ளஸ் சபதமே செய்திருந்தார்.

“ஒரு எடத்துல கை வெச்சா முழுத் தாளும் பொய்யாயிடும்.”

“உங்க தாளு நல்லா இருக்குதுங்க. பசங்களும் நல்லா இருக்கோணுமே” என்றார் நஞ்சப்பன். டக்ளஸ் எதையும் மாற்றாமலே தாளில் கையெழுத்திட்டார்.

சனிக்கிழமை காலை முற்றத்தைச் சுற்றி முந்நூறு பேர், பெரும்பாலும் விவசாயிகள், நின்றார்கள். தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவாத்து நேரமாதலால் பலர் கத்தியோடே வந்திருந்தார்கள். காவலுக்கு வந்த போலீசார் இருவரும், இலைக்கு விலை கேட்டு நடந்த சாலை மறியலைக் கவனிக்கப் போயிருந்தனர். முதல் ஐந்து நிமிடத்தில் குன்னூர் ஆட்டக்காரன் ஒருவனுக்கு முழங்கையிடியில் பல் உடைந்தது. பதிலுக்குப் போஜனின் புருவம் கிழிந்தது. அவன் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு கூடையை நோக்கி எழும்பினான். கீர்த்திவாசன் பந்தை அறைந்து தள்ளிவிட்டுச் சிரித்தான்.

“தரம் பத்தலை. திருப்பி எடுத்துட்டுப் போ.”

போஜன் அவன் தொண்டையைப் பிடித்துக் கம்பத்தில் மோதினான். கூட்டம் கோட்டைத் தாண்டி உள்ளே பாய்ந்தது. கம்பமே பெயர்ந்து ஒருவன் காலை நசுக்கியது. நாற்காலிகள் தலைகளில் உடைந்தன. நடுவரின் விசில் கயிறே அவர் கழுத்தை இறுக்கியது. நஞ்சப்பன் தன் பையன்களை ஒவ்வொருவராக இழுத்து வெளியே தள்ளினார். போஜன் மட்டும் அகப்படவில்லை. கீர்த்திவாசன் பிடியிலிருந்து நழுவித் தொழிற்சாலைக்குள் ஓடியதை டக்ளஸ் பார்த்தார். அவரும் ஓடினார்.

இலையை வாட்டும் மாடியில் நீண்ட தொட்டிகள் வெறுமையாகக் கிடந்தன. கடைசித் தொட்டியின் பின்னால் கீர்த்திவாசன் ஒடுங்கியிருந்தான். டக்ளஸ் அவனை மறைத்து நிற்கவும், போஜன் படியேறி வரவும் சரியாக இருந்தது. கையில் யாருடையதோ கவாத்துக் கத்தி.

“வேண்டாம் போஜா. இவனை இங்க அனுப்புனது நான். பேரை எழுதுனது நான்.”

ரத்தம் போஜனின் ஒரு கண்ணை மூடியிருந்தது.

“என் பேரையும் நீங்கதானே சார் எழுதுனீங்க?”

போஜனின் கை தாழ்ந்தது. கத்தியின் முனை பலகைத் தரையைத் தொட்டது. அவன் திரும்பினான்.

டக்ளஸின் தோளை உரசியபடி கீர்த்திவாசன் பாய்ந்தான். தொட்டியின் வலையைத் தாங்கும் இரும்புக் கம்பி அவன் கையில் இருந்தது. முதல் அடி பின்மண்டையில் விழுந்தது. போஜன் முழங்காலிட்டான். இரண்டாவது அடியைத் தடுக்க டக்ளஸ் நீட்டிய கையின் எலும்பு முறிந்தது. மூன்றாவதற்குத் தேவையே இல்லை. ஆனாலும் அதுவும் விழுந்தது.

“வெட்ட வந்தான் சார்” என்றான் கீர்த்திவாசன். “நீங்க பாத்தீங்கல்ல?”

டக்ளஸ் குனிந்து போஜனின் கழுத்தில் விரல் வைத்தார். பிறகு முறியாத கையால் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு, பின்பக்கம் இலை ஏற்றும் ஏணியைக் காட்டினார். அவன் இறங்கித் தேயிலைச் சரிவுக்குள் மறையும்வரை அங்கேயே நின்றார்.

கீழே இலை உருட்டும் இயந்திரங்களைக் கூட்டம் நொறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் படியில் தோன்றியதும் அது நின்றது. படியடியில் நஞ்சப்பன் நின்றிருந்தார். அவர் பின்னால் கூட்டம் இயந்திரங்களுக்கிடையே நிறைந்திருந்தது. எல்லோரும் கம்பியைப் பார்த்தார்கள். அதன் முனையிலிருந்து சொட்டுவதையும் பார்த்தார்கள்.

“போஜன் எங்கீங்க?”

“மேலே. செத்துட்டான்.”

“யாரு?”

உண்மையைச் சொன்னால் இந்த முந்நூறு பேரும் சரிவில் இறங்குவார்கள். காயம்பட்ட கீர்த்திவாசன் கால் மைல்கூடப் போயிருக்க மாட்டான்.

“நான்தான்” என்றார் டக்ளஸ்.

நஞ்சப்பன் நம்பவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் அவர் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்தவர்கள் அவரைத் தாண்டிப் படியில் ஏறிவிட்டார்கள்.