கணவாயில் மூன்று குரல்

அந்தக் கணவாயில் நடந்ததைப் போர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதட்டும். ஆல்ப்ஸ் மலைத்தொடரின் திரோல் நாட்டு மலைக்காரர்களிடம் அன்று பீரங்கி எதுவும் இல்லை. செங்குத்துப் பாறையின் உச்சியில் கயிறு கட்டி நிறுத்திய அறுபது அடிமரங்கள் இருந்தன. கயிற்றை வெட்ட ஒரு கோடாலி இருந்தது.

கோடாலி மரவெட்டி கசியானிடம். நெப்போலியனுக்குக் கூட்டாளியான பவேரியப் படை, கீழே ஒற்றைச் சாலையில் ஊர்ந்து வந்தது. அதன் முன்னால் ஒரு பச்சைத் தொப்பி. பார்த்ததும் அது யாருடையது என்று கசியானுக்குத் தெரிந்துவிட்டது. முந்தின நாள் பிடித்துக்கொண்டு போன அவன் தம்பி விகிலை வழிகாட்ட நடத்தி வருகிறார்கள்.

ஊர்க்காரர்களுக்குத் தலைமை தாங்கிய சத்திரக்காரர் ரோமெடியும் அதைப் பார்த்துவிட்டார். கல்நெஞ்சக்காரர் இல்லை, பாவம்.

"உன் தம்பின்னு தெரியுதுடா. நீ வெட்ட வேணாம். கோடாலிய இங்க குடு."

"நானே வெட்டுறேன், அண்ணே."

"மூச்சுச் சத்தம்கூட வரக் கூடாது."

கசியான் தலையை ஆட்டினான். உள்ளே வேறு எண்ணம். அந்தக் காட்டில் மூன்று முறை கூவாமல் எவனும் மரம் உருட்டுவதில்லை. குரல் கேட்டவன் பாறைச் சுவரோடு ஒட்டிக்கொள்வான். மரம் அவன் தலைக்கு மேலே தாண்டிப் போகும். விகில் ஒட்டிக்கொள்வான், பட்டாளத்தான் வாயைப் பிளந்து நிற்பான். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள்; பாசத்துக்கோ அறிவும் கிடையாது.

"மரம் வருது! மரம் வருது! மரம் வருது!"

மூன்றாம் குரலோடு கயிற்றை வெட்டினான். அதன் பிறகே கீழே பார்த்தான்.

படை முழுவதும் சுவரோடு ஒட்டி நின்றது. பவேரியாவிலும் மலை உண்டு, காடு உண்டு, அங்கேயும் இதே வழக்கம்தான் என்று இந்தப் புத்திசாலி நினைத்துப் பார்க்கவில்லை. நடுச்சாலையில் விகில் மட்டும் நின்றான். ஓடிவிடாமல் இருக்க அவன் இடுப்பை முதல் பீரங்கி வண்டியோடு பிணைத்திருந்தார்கள். கட்டிய கயிற்றை இழுத்தபடியே அவன் அண்ணாந்து பார்த்தான். கூவியது யாரென்று அவனுக்குத் தெரியாதா?

தூசி அடங்கியதும் சிப்பாய்கள் ஒவ்வொருவராகச் சுவரை விட்டு வந்தார்கள். அவர்களில் சிலர், காட்டில் மரம் விழுந்து ஒருவன் செத்தால் செய்வதுபோல, வண்டியருகே தொப்பியைக் கழற்றி நின்றார்கள். கசியானால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

ரோமெடி அவனைத் திட்டவில்லை. துப்பாக்கியைக் கையில் திணித்து, சுடச் சொன்னார். தொப்பி கழற்றி நின்றவர்களைப் பார்த்துக் கசியான் முதலில் சுட்டான்.