பலாப்பழத்துக்கு எழுபத்தி நாலு

எங்கள் வேலை உயரத்தில். குடிகாட்டுப் பக்கம் ஒரு ரசாயனக் கம்பெனி. அங்கே நாற்பது மீட்டர் கோபுரத்தில் ஏறிக் குழாய் மாட்டுவோம், வால்வு மாற்றுவோம், நட்டு முறுக்குவோம். காண்ட்ராக்ட் ஆட்கள்தான். ஆனாலும் மேலே ஏறுகிறவனுக்குக் கூலியும் ஜாஸ்தி, மரியாதையும் ஜாஸ்தி. வருஷத்துக்கு ஒரு தடவை மெடிக்கல் பார்த்து உயரப் பாஸ் தருவார்கள். பாஸ் போனால் வேலை போகாது, கீழே இறக்கிவிடுவார்கள். புல் வெட்டுகிற மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு காம்பவுண்டு ஓரமாக நாள் முழுக்க நடக்க வேண்டியதுதான். பதினாறு வருஷமாக மேலேயிருந்து புல் வெட்டுகிறவன் தலைக்குப் பக்கத்தில் குறிபார்த்துத் துப்பிப் பழகியவன் நான். கீழே போனால் என் தலைக்குப் பக்கத்தில் எவன் எவன் துப்புவான் என்று எனக்குத் தெரியாதா?

இந்த வருஷம் பாஸ் போகப்போவது மணிவண்ணனுக்குத்தான், அதாவது எனக்குத்தான் என்று ஆட்கள் எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். காரணம் எங்கள் ஃபோர்மேன் உத்திராபதி அண்ணன். ஏணி ஏறி மேல்தட்டுக்கு வந்ததும் எவனும் ஸ்பேனரைத் தொடக்கூடாது, வரிசையாகக் கையை நீட்ட வேண்டும். அவர் ஒவ்வொருத்தன் மணிக்கட்டையும் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிஷம் நாடி எண்ணுவார். நூறைத் தாண்டினவன் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் வேலை தொடவேண்டும். ஒருத்தன் ஏறின வேகத்தில் மயங்கி பெல்ட்டில் தொங்கிய நாளிலிருந்து, இருபது வருஷமாக இது சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் நாளாக ஆக அதுவே எங்களுக்கு மொத்த வைத்தியமும் ஆகிப்போனது. நாடி குறைவு என்றால் பிபி குறைவு. நாடி ஜாஸ்தி என்றால் பிபி ஜாஸ்தி. இதில் எவனுக்கும் சந்தேகமே வந்ததில்லை.

எனக்கு மேலே ஏறினால் நூற்றிப் பத்து. கீழே சும்மா உட்கார்ந்திருந்தாலும் தொண்ணூறுக்கு மேல். என் அக்கா வீட்டுக்காரர் கலியமூர்த்தி மாமாவும் எங்களோடுதான் ஏறுகிறார். வயசு நாற்பத்தொன்பது. ஏறி நின்றால் எண்பத்தி நாலு, இறங்கினால் எழுபத்திரண்டு.

"இது நெஞ்சு இல்லடா, சுவர்க் கடிகாரம்" என்பார் உத்திராபதி அண்ணன், மாமா கையை விட மனசில்லாமல்.

போதாக்குறைக்குப் புதுச்சேரியில் வேலை பார்க்கிற மாமாவின் மகன் ராஜ்கமல் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கித் தந்துவிட்டான். பின்பக்கம் பச்சை வெளிச்சம் மினுக்கும். முன்பக்கம் இதயப் படம், பக்கத்தில் ஒரு நம்பர். மாமா டீக்கடையை விடவில்லை, பஸ் ஸ்டாண்டை விடவில்லை, சாவு வீட்டைக்கூட விடவில்லை. துக்கம் கேட்டுக் கையைப் பிடித்த கையோடு திருப்பிக் காட்டுவார். "பிபி எழுபத்திரண்டு."

போன வருஷ மெடிக்கலில் மாமாவுக்கு பிபி கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று பாஸோடு சேர்த்து மாத்திரையும் எழுதித் தந்திருந்தார்கள். வாட்ச் வந்த மறுநாளே மாத்திரையை நிறுத்திவிட்டார்.

"எழுபத்திரண்டு இருக்கறவனுக்கு எதுக்குடா மாத்திரை? இன்னும் குறைஞ்சி நின்னுபோச்சுன்னா?"

அக்கா தில்லையம்மாளுக்கு இது ஆகவே இல்லை. மெடிக்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, பண்ருட்டியிலிருந்து வாங்கி வந்த பலா ஒன்று கூடத்தில் கிடந்தது. இன்னும் பழுக்கவில்லை. மாமா வாட்ச்சைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது. வாட்ச்சை எடுத்துப் பலாவின் காம்பில் சுற்றி, கடைசி ஓட்டையில் இழுத்து மாட்டியது.

பச்சை வெளிச்சம் மினுக்கியது. கொஞ்ச நேரம் யோசித்தது. எழுபத்தி நாலு.

"ஏங்க, இங்க வாங்க. இதுக்கு பிபி எழுபத்தி நாலு. உங்களவிட ரெண்டுதான் ஜாஸ்தி."

மாமா ஈரத் தலையோடு வந்து குனிந்து பார்த்தார். அசரவில்லை.

"நேத்துதான மரத்துலேருந்து இறக்கியிருக்கான். உள்ள உசுரு இருக்கும்ல?"

அக்கா வாட்ச்சைக் கழற்றித் துடைப்பத்தின் பிடியில் மாட்டியது. அறுபத்தெட்டு.

"தொடப்பத்துக்கு அறுபத்தெட்டு. உங்க ஃபோர்மேன்கிட்ட சொல்லி நாளையிலேருந்து இத மேல ஏத்தச் சொல்லுங்க."

"இவ்ளோ நாளு என் கையிலயே கெடந்த வாட்ச்சு. என் சூட்டுலயே கணக்குச் சொல்லுது."

"மணி, நீயாவது சொல்லேன்டா இந்த மனுஷனுக்கு."

நான் என்னத்தைச் சொல்ல? வாங்கி என் கையில் மாட்டினேன். தொண்ணூற்றி ஆறு. பலாக்காய் பாஸ், துடைப்பம் பாஸ், நான் ஃபெயில். வாட்ச் எதில் மாட்டினாலும் ஏதோ ஒரு நம்பரைக் காட்டும் என்று அக்கா கரடியாய்க் கத்தியது என் காதில் ஏறவே இல்லை. தோளில் புல் மெஷின் கனக்கிற மாதிரி இருந்தது.

மாமா நல்ல மனுஷன். என் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"பயப்படாத மச்சான். உனக்கும் சேர்த்து நானே போறேன்."

"எப்படி மாமா?"

"ஆஸ்பத்திரி ஃபாரத்துல போட்டோ கிடையாது. பேரு, வயசு, டோக்கன் நம்பரு, அவ்வளவுதான். போட்டோ எல்லாம் பின்னால கம்பெனி கேட்டுல ஒட்டுறான். எல்லாருக்கும் அதே நீலச் சட்டை. உன் பேரக் கூப்புட்டாலும் நான் போறேன், என் பேரக் கூப்புட்டாலும் நான் போறேன்."

"ஒரே மூஞ்சி ரெண்டு தடவை வந்தா கண்டுபுடிக்க மாட்டாங்களா?"

"நடுவுல மீசைய இறக்கி விட்டுக்குவேன்."

மறுநாள் உத்திராபதி அண்ணனிடம் சொன்னோம். அவர் யோசித்துவிட்டு, "ஒரு நல்ல நெஞ்சு ரெண்டு குடும்பத்தக் காப்பாத்துதுன்னா நான் எதுக்குடா குறுக்க நிக்கறேன்?" என்றார்.

வியாழக்கிழமை வேன் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டிச் சிதம்பரம் போனது. வழியெல்லாம் ஒருத்தனும் பேசவில்லை. சிரித்தால் ஏறும், சண்டை போட்டால் ஏறும் என்று உத்திராபதி அண்ணன் வாய்ப்பூட்டு போட்டிருந்தார். மெடிக்கல் நடந்த ஆஸ்பத்திரி மேலவீதிக்குப் பின்னால், முதல் மாடி. தினமும் நாற்பது மீட்டர் ஏணி ஏறுகிற பதினோரு தடியன்கள் ஒரு மாடிக்கு லிஃப்ட் வேண்டும் என்று வரிசையில் நின்றோம்.

"மணிவண்ணன்!"

மாமா எழுந்து போனார். நான் திரைக்கு இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே நர்ஸ். மூஞ்சி தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது.

"வயசு முப்பத்தெட்டா?"

"வெயில்ல வேலைம்மா."

கையில் பட்டை கட்டிக் காற்றடிக்கிற சத்தம். உஸ்ஸென்று இறங்குகிற சத்தம். மறுபடி அடிக்கிற சத்தம். அப்புறம் நர்ஸ் குரல், கொஞ்சம் மாறின குரல்: "கால் மணி நேரம் பேசாம உட்காருங்க. திரும்பப் பார்க்கலாம்."

கால் மணி நேரம் கழித்து மறுபடியும் காற்று.

"நூத்தி எழுபத்தெட்டு, நூத்திப் பன்னெண்டு."

"மெஷின்ல கோளாறும்மா. நாடியப் புடிச்சிப் பாரு."

"பார்த்துட்டேன். எழுபத்திரண்டு."

"அதத்தான நானும் சொல்றேன்!"

"ஐயா, அது உங்க இதயம் நிமிஷத்துக்கு எத்தனை தடவை துடிக்குதுங்கற கணக்கு. நான் சொன்னது ரத்தம் குழாய்ச் சுவத்துல எவ்ளோ அழுத்தமா முட்டுதுங்கற கணக்கு. துடிக்கிறப்ப ஒரு நம்பர், ரெண்டு துடிப்புக்கு நடுவுல ஒரு நம்பர். உங்களுக்கு ரெண்டுமே ஜாஸ்தி. துடிப்பு சரியா இருந்தா அழுத்தமும் சரியா இருக்கணும்னு ஒண்ணும் கிடையாது. மாத்திரை எதாச்சும் சாப்புட்டு நிறுத்துனீங்களா?"

மாமா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். மீசை தானாகவே இறங்கியிருந்தது.

"மச்சான், உனக்கு பிபி ஜாஸ்தியாம்."

"எனக்கா?"

"உன் ஃபாரத்துலதான எழுதியிருக்காங்க. உயர வேலைக்குத் தகுதியில்லைன்னு."

என் பாஸ் போய்விட்டது. நான் உள்ளே காலே வைக்கவில்லை, என் பாஸ் போய்விட்டது.

மாமா என் பக்கத்தில் உட்கார்ந்து தன் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டார். பிறகு யாரிடமோ பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார். "பம்ப்பு நிதானமாத்தான் ஓடும். லைன்ல எங்கயோ வால்வு பாதி மூடியிருக்கும். பிரஷர் கேஜ் முள்ளு சிவப்புல நிக்கும். அந்த லைன்ல நாம கை வைப்பமாடா?"

"வைக்க மாட்டோம்" என்றேன்.

"அப்ப இருபது வருஷமா நான் எண்ணுனது என்னடா?" என்றார் உத்திராபதி அண்ணன் பின்னாலிருந்து.

"பம்ப்பு எத்தனை அடி அடிக்குதுன்னு எண்ணுன. கேஜு பக்கம் நீயும் போகல, நானும் போகல."

தினமும் கேஜ் பார்த்துச் சோறு தின்கிறவர்கள் நாங்கள். கேஜ் பார்க்காமல் எவனாவது பிரஷர் சொன்னால் அவனைக் கோபுரத்திலிருந்தே தள்ளிவிடுவோம். மூன்று பேரும் தரையைப் பார்த்தோம்.

ஆனால் மாமா கெட்டிக்காரர். சீக்கிரம் தெளிந்துவிட்டார்.

"மச்சான், உனக்குத்தான் பாஸு போயிடுச்சு. என் பேரக் கூப்புடுறப்ப நீ போ. நானாவது மேல ஏறுறேன். உனக்கு அடுத்த மாசம் பார்த்துக்கலாம்."

"எனக்குத்தான் தொண்ணூத்தி ஆறாச்சே?"

"அது பம்ப்புடா. இப்பத்தான சொன்னேன்!"

பேசி முடிப்பதற்குள் "கலியமூர்த்தி!" என்று கூப்பிட்டுவிட்டார்கள். மாமா முதுகில் ஒரு தள்ளு தள்ளினார். போனேன்.

நர்ஸ் ஃபாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாப்பத்தொன்பதா? நல்லாத்தான் உடம்ப வச்சிருக்கீங்க." பட்டை கட்டினார். கை வலிக்கிற அளவுக்கு இறுக்கி, மெதுவாக விட்டது.

"நூத்திப் பதினெட்டு, எழுபத்தாறு. அருமையா இருக்கு. துடிப்புதான் தொண்ணூத்தி ஆறு. அறுபதுலேருந்து நூறு வரைக்கும் இருக்கலாம், பயப்பட ஒண்ணுமில்ல. என்ன, பதட்டமா?"

பேனாவைத் திறந்து, கலியமூர்த்தி, வயது நாற்பத்தொன்பது என்று இருந்த காகிதத்தில் 'தகுதி' என்று எழுதப் போனார்.

மாமா கோபுரத்தின் உச்சியில் தலை சுற்றி நிற்பது கண்ணில் வந்ததா என்று கேட்டால், வந்தது. இரண்டாவதாக வந்தது. முதலில் வந்தது புல் வெட்டுகிற மெஷின்.

"அம்மா, எழுதாதீங்க. அந்த நூத்திப் பதினெட்டு என்னுது. நான்தான் மணிவண்ணன். முதல்ல வந்தவருதான் கலியமூர்த்தி."

அந்த நர்ஸ் போட்ட சத்தத்தில் அங்கே இருந்த அத்தனை பேருக்கும் பிபி ஏறியிருக்கும். இரண்டு ஃபாரத்தையும் கிழித்தார். இரண்டு பேரையும் வரிசையில் கடைசியாக உட்காரவைத்து, ஆதார் அட்டையை வாங்கி முகத்தோடு வைத்துப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து எடுத்தார். எனக்கு நூற்றி இருபத்தி நாலு, எண்பது. தகுதி. மாமாவுக்கு நூற்றி எழுபத்தி நாலு, நூற்றிப் பத்து. டாக்டர் வந்து மாத்திரை எழுதினார். ஒரு மாசம் தரையில் வேலை, அப்புறம் திரும்பப் பார்ப்போம், வாட்ச்சைப் பார்த்து எவனாவது மாத்திரையை நிறுத்தினால் இந்தப் பக்கமே வரக்கூடாது என்றார்.

வேனில் திரும்பும்போது மாமா ஜன்னல் ஓரம். பரங்கிப்பேட்டை பிரிவு தாண்டினதும் என் பக்கம் திரும்பினார்.

"திங்கக்கிழமையிலேருந்து மேலேருந்து பார்த்துத் துப்பு, மச்சான்."

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைகிறபோதே வாசனை. பலா பழுத்துவிட்டிருந்தது. அக்கா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அரிந்துகொண்டிருந்தது. நடந்ததை மாமாதான் ஒன்றுவிடாமல் சொன்னார். அக்கா எழுந்து போய் முதலில் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தது. அவர் முழுங்குகிறவரைக்கும் நின்று பார்த்தது. அப்புறம் உட்கார்ந்து, இருக்கிறதிலேயே பெரிய சுளையாகப் பொறுக்கி என் தட்டில் போட்டது. மேலும் மேலும் போட்டது.

"கூட வந்ததுல ஒருத்தன் வாயத் தொறக்கல. மாமா நல்லா இருக்கணும்னு நீதாண்டா உண்மையச் சொன்ன. நீதாண்டா தம்பி."

"மச்சானுக்கு என் மேல உசுரு" என்றார் மாமா. அவர் கண் கலங்கின மாதிரிகூட இருந்தது.

நான் இன்னொரு சுளையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். வாய் நிறையச் சுளை. ஞாயிற்றுக்கிழமை எழுபத்தி நாலு துடித்த பழம். நல்ல இனிப்பு.